நாய் வளர்ப்பும் ஒழுங்கான உடற்பயிற்சியும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்
மேலதிக வாசிப்புக் கட்டுரையும் மாதிரி வினாக்களும்

அறிமுகம்

உடற்பயிற்சி உடலுக்கு நல்லது என்பதை அறியாதவர் இலர். ஆயினும் அறிந்ததைச் செய்யத் தொடங்குவோர் சிலரே. தொடங்கியதை ஆண்டுக்கணக்கில் தொடர்வோர் அவர்களிலும் சிலரே. “உடற்பயிற்சியினால் ஏற்படும் நன்மைகள் ஐந்தினைத் தருக” என்னும் வினாவுக்கு முழுப் புள்ளியும் பெறும் மாணவர் ஒருவர், மாலை வேளையில் தொலைக்காட்சியின் முன்னோ கைத்தொலைபேசியுடனோ அமர்ந்திருப்பதை நாம் காண்கின்றோம். ஆகவே உடற்பயிற்சி பற்றிய பாடத்தில் நாம் ஆராய வேண்டிய முக்கியமான வினா, “அதனை ஒருவர் இடைவிடாது தொடரச் செய்வது எது?” என்பதாகும்.

இவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று பலருடைய வீட்டு முற்றத்திலேயே படுத்திருக்கின்றது. அதுவே வளர்ப்பு நாய். நாய் தன் உரிமையாளரை ஒழுங்காக நடக்கத் தூண்டுவது எவ்வாறு, அதற்கான சான்றுகள் யாவை, அதன் வரையறைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

1. தொடங்கிய பயிற்சி ஏன் நின்றுவிடுகின்றது?

பின்வரும் உதாரணத்தை எண்ணிப் பாருங்கள். நாற்பத்தைந்து வயதுடைய தந்தை ஒருவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராகக் கடமையாற்றுகின்றார். அவருடைய குருதியிற் குளுக்கோசின் அளவு கூடியுள்ளது எனக் கூறிய வைத்தியர், நாள்தோறும் அரை மணித்தியாலம் வேகமாக நடக்குமாறு அறிவுறுத்துகின்றார். வீட்டார் அஞ்சுகின்றனர். புதிய சப்பாத்து ஒரு சோடி வாங்கப்படுகின்றது. முதல் வாரத்தில் ஏழு நாளும் நடக்கின்றார். இரண்டாம் வாரத்தில் நான்கு நாள் நடக்கின்றார். மூன்றாம் வாரத்தில் மழை பெய்கின்றது. அதன் பின்னர் அச்சப்பாத்து கதவு மூலையிலேயே கிடக்கின்றது.

இவர் சோம்பேறி அல்லர். வைத்தியர் கூறியதை நம்பாதவரும் அல்லர். அவ்வாறாயின் தவறு எங்கே உள்ளது? மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

(அ) நன்மை தாமதமாகவும் சிரமம் உடனடியாகவும் கிடைத்தல். நடப்பதனால் வரும் களைப்பும் வியர்வையும் அன்றைக்கே தெரிகின்றன. குருதிக் குளுக்கோசு குறைவதும் குருதியமுக்கம் சீராவதும் வாரங்கள், மாதங்கள் கழிந்தே தெரியும். மனித மனம் உடனடியாகக் கிடைப்பதையே பெரிதாகக் கொள்ளும்.

(ஆ) ஒரு நாள் தவறினால் கேட்பார் இல்லாமை. இன்று நடக்காவிட்டால் இன்றே எவருக்கும் எதுவும் குறைந்துவிடுவதில்லை. “நாளைக்குப் பார்ப்போம்” என்பது எளிதாகின்றது.

(இ) தீர்மானம் நாள்தோறும் புதிதாக எடுக்கப்பட வேண்டியிருத்தல். “இன்று நடப்பதா, வேண்டாமா?” என்று ஒவ்வொரு காலையும் தம்மையே கேட்பவருக்கு, ஏதாவது ஒரு காலையில் “வேண்டாம்” என்ற விடை வந்தே தீரும்.

ஊக்கலை இரண்டாக வகுப்பர். தானே விரும்பிச் செய்வது அகநிலை ஊக்கல் ஆகும். வெளியிலிருந்து கிடைக்கும் தூண்டுதலினாற் செய்வது புறநிலை ஊக்கல் ஆகும். மேற்கூறிய தந்தைக்கு வைத்தியரின் அறிவுரை புறநிலை ஊக்கலாக அமைந்தது. ஆனால் வைத்தியர் நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு அவருடைய கட்டிலருகே வந்து நிற்பதில்லை. வீட்டு நாய் வந்து நிற்கும். வேறுபாடு இதுவேயாகும்.

2. எவ்வளவு உடற்செயற்பாடு தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி தேவையான அளவுகள் பின்வருமாறு:

• 5 தொடக்கம் 17 வயது வரையானோர்: சராசரியாக நாளொன்றுக்குக் குறைந்தது 60 நிமிடம் நடுத்தர அல்லது கடின உடற்செயற்பாடு.
• வளர்ந்தோர்: வாரத்திற்கு 150 தொடக்கம் 300 நிமிடம் வரை நடுத்தரச் செயற்பாடு, அல்லது 75 தொடக்கம் 150 நிமிடம் வரை கடினச் செயற்பாடு.

வளர்ந்தோருக்குரிய 150 நிமிடம் என்பது நாளொன்றுக்கு 30 நிமிடம் வீதம் வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடப்பதற்குச் சமமாகும். நடையின் கடினத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிந்தும் பாட முடியாவிட்டால் அது நடுத்தரச் செயற்பாடு ஆகும். பாட்டும் பாட முடிந்தால் வேகம் போதாது. சில சொற்களுக்கு மேற் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அது கடினச் செயற்பாடு ஆகும்.

இதனை எளிய கணக்கொன்றினால் விளங்கிக்கொள்வோம். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் நடப்பவர் 2.5 கிலோமீற்றர் தூரம் செல்கின்றார். ஒரு வாரத்தில் 17.5 கிலோமீற்றர் ஆகும். ஓர் ஆண்டில், அதாவது 52 வாரங்களில், அது 910 கிலோமீற்றர் ஆகின்றது. இலங்கையின் வடக்கே பருத்தித்துறை முனையிலிருந்து தெற்கே தெய்வேந்திரமுனை வரையான நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர் ஆகும். எனவே நாள்தோறும் அரை மணித்தியாலம் நாயுடன் நடப்பவர், ஓராண்டில் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்பிய தூரத்திற்கும் மேலாக நடந்துவிடுகின்றார். பெரிய பயன் சிறிய அளவுகள் ஒழுங்காகச் சேர்வதனாலேயே வருகின்றது.

3. நாய் எவ்வாறு ஊக்கியாக அமைகின்றது?

3.1 நேரம் தவறாத நினைவூட்டல்

ருஷ்ய நாட்டு உடற்றொழிலியலாளரான இவான் பவ்லோவ் நாய்களைக் கொண்டு நடத்திய பரிசோதனைகள் புகழ் பெற்றவை. சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற இவர், உணவுடன் தொடர்புபட்ட ஒலி முதலிய தூண்டிகளுக்கும் நாயின் வாயில் உமிழ்நீர் சுரப்பதைக் காட்டினார். இது நிபந்தனைப்பட்ட தெறிவினை எனப்படும்.

வீட்டு நாயும் இவ்வாறே கற்றுக்கொள்கின்றது. கழுத்துப்பட்டியின் ஓசை, சப்பாத்தை எடுக்கும் ஒலி, விடிகாலை வெளிச்சம் ஆகியன நடைக்குரிய தூண்டிகளாகின்றன. சில நாட்கள் ஒரே நேரத்தில் அழைத்துச் சென்றால், அந்நேரம் வந்ததும் அது எழுந்து வந்து வாலை ஆட்டும், கதவைப் பார்க்கும், முனகும். கடிகாரத்தின் மணியை நிறுத்திவிட்டு உறங்கலாம். நாயை அவ்வாறு நிறுத்த முடியாது. நாளடைவில் நாயின் செய்கையே உரிமையாளருக்குத் தூண்டியாகின்றது. நாய் எழுந்தால் அவரும் எழுகின்றார். நாயைப் பழக்கியவர் தாமும் பழகிவிடுகின்றார்.

3.2 கடமையுணர்வு

தனக்காகச் செய்வதைத் தள்ளிப்போடும் ஒருவர், தன்னை நம்பியிருக்கும் உயிருக்காகச் செய்வதைத் தள்ளிப்போட மாட்டார். தமக்குப் பசிக்கும்போது சமைக்கச் சோம்பும் தாய், பிள்ளைக்குப் பசிக்கும்போது உடனே அடுப்பு மூட்டுவதை நாம் அறிவோம். நடையும் அவ்வாறானதே. “என் உடல் நலத்திற்காக நடக்கின்றேன்” என்பது “இது வெளியே போக வேண்டும், நான் கூட்டிச் செல்ல வேண்டும்” என மாறும்போது, ஒவ்வொரு காலையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டிய தேவை நீங்குகின்றது. நாய்க்கு உணவு வைப்பதா என்று எவரும் நாள்தோறும் யோசிப்பதில்லை அல்லவா?

3.3 உடனடி வெகுமதி

நற்செயலின் பின் கிடைக்கும் மகிழ்ச்சி அச்செயலை மீண்டும் செய்யத் தூண்டுவதை மீளவலியுறுத்தல் என்பர். உடற்பயிற்சியின் பயன் தாமதமாக வருவது அதன் குறைபாடு எனக் கண்டோம். நாய் அக்குறையை நிரப்புகின்றது. கழுத்துப்பட்டியைக் கையில் எடுத்த கணமே அது துள்ளிக் குதிக்கின்றது. நடை முடிந்து வந்து காலடியில் அமைதியாகப் படுக்கின்றது. இம்மகிழ்ச்சியைக் காண மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு உடற்றொழிலியல் அடிப்படையும் உண்டு. யப்பானிய ஆய்வாளர்கள் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நாயும் உரிமையாளரும் ஒருவரையொருவர் கூடிய நேரம் நோக்கியிருந்தபோது இருவரிடத்தும் ஒட்சிற்றோசின் என்னும் ஓமோனின் அளவு உயர்ந்தமை காட்டப்பட்டது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பிற் பங்குகொள்ளும் ஓமோனும் இதுவேயாகும்.

3.4 துணையும் சமூகத் தொடர்பும்

தனியே நடக்கத் தயங்குவோருக்கு நாய் துணையாகின்றது. ஒதுக்குப்புறமான ஒழுங்கையிற் செல்லும்போது அச்சம் குறைகின்றது. வழியில் அயலவர் நின்று நாயைப் பற்றி இரு வார்த்தை பேசுகின்றனர். ஓய்வு பெற்றோருக்கும் தனித்து வாழும் முதியோருக்கும் இது உளநலத்திற்கும் சமூக நலத்திற்கும் உதவும். சுகாதாரம் என்பது உடல், உள, சமூக நன்னிலை என்று நீங்கள் கற்ற வரைவிலக்கணத்தை இங்கு நினைவுகூர்க.

4. ஆய்வுகள் கூறுவன

4.1 நோர்போக் ஆய்வு (2017)

இங்கிலாந்தின் நோர்போக் பிரதேசத்தில் நடுத்தர வயதினரும் முதியோருமாக 3000 பேருக்கும் மேற்பட்டோர் இவ்வாய்விற் பங்குபற்றினர். அவர்களது அசைவுகள் உடலில் அணிந்த கருவியினால் அளக்கப்பட்டன. குளிர், மழை, குறைந்த பகல் வெளிச்சம் ஆகியவற்றினால் எல்லோருடைய நடமாட்டமும் குறைந்தது. ஆயினும் நாயை ஒழுங்காக நடத்திச் செல்வோர், மிக மோசமான காலநிலையுள்ள நாட்களிற்கூட, நாய் இல்லாதோர் மிக நல்ல காலநிலையுள்ள நாட்களில் இயங்கியதிலும் கூடுதலாக இயங்கினர். மூன்றாம் வாரத்து மழையில் நின்றுபோன தந்தையின் நடையை இங்கு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4.2 செஷயர் ஆய்வு (2019)

இங்கிலாந்தின் மேற்குச் செஷயரில் 385 வீடுகளைச் சேர்ந்தோரை ஆராய்ந்தபோது, வாரத்திற்கு 150 நிமிடம் என்னும் இலக்கை அடைவதற்கான சாதகநிலை, நாய் இல்லாதோரிலும் நாய் வைத்திருப்போருக்கு ஏறத்தாழ நான்கு மடங்காகக் காணப்பட்டது. அவர்கள் வேறு விளையாட்டுகளைக் கைவிட்டு அவற்றுக்குப் பதிலாக நாயுடன் நடக்கவில்லை. மற்றைய செயற்பாடுகளுக்கு மேலதிகமாகவே நடந்தனர். நாயுள்ள வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக நடந்தமையும் விளையாடியமையும் தெரியவந்தது. எனினும் ஆய்வுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தொகை சிறியதாகும்.

4.3 இம்முடிவுகளை எவ்வாறு வாசிக்க வேண்டும்?

விஞ்ஞான மனப்பாங்குடைய மாணவர் இங்கு இரண்டு ஐயங்களை எழுப்ப வேண்டும்.

முதலாவது, நாய் இருந்தமையால் அவர்கள் நடந்தார்களா, அல்லது நடப்பதில் ஏற்கெனவே விருப்பமுள்ளவர்கள் நாய் வாங்கினார்களா? இரண்டு விடயங்கள் ஒன்றாகக் காணப்படுவதனால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் எனக் கூற முடியாது. அமெரிக்க இதயச் சங்கம் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும் இவ்வாறே நிதானமாகக் கூறுகின்றது. நாய் வளர்ப்பு இதய நோய் ஆபத்தைக் குறைக்க உதவக்கூடும் என்றும், ஆனால் அந்நோக்கத்திற்காக மட்டும் பிராணியொன்றை வாங்கலாகாது என்றும் அது குறிப்பிட்டது.

இரண்டாவது, இங்கிலாந்தின் நிலை நம் நாட்டுக்குப் பொருந்துமா? அங்கு நாயைக் கயிற்றிற் பிடித்து நடத்திச் செல்வது பெரும்பாலான உரிமையாளரின் வழக்கம். நம் நாட்டிலோ பல வீடுகளிற் காலையிற் படலையைத் திறந்துவிட்டால் நாய் தானே ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பும். இவ்வாறாயின் நாய்க்கு நடை கிடைக்கின்றது, உரிமையாளருக்குக் கிடைப்பதில்லை. வேறு சில வீடுகளில் நாய் பகல் முழுவதும் சங்கிலியிற் கட்டப்பட்டிருக்கின்றது. இங்கு இருவருக்கும் நடை இல்லை. ஆகவே நாயை வைத்திருப்பதனால் மட்டும் பயன் வராது. நாயுடன் நடப்பதனாலேயே பயன் வரும்.

5. நடக்கும்போது உடலில் நிகழ்பவை

• தசைகளுக்குக் கூடுதலான ஒட்சிசன் தேவைப்படுவதால் இதயத் துடிப்பு வீதமும் சுவாச வீதமும் அதிகரிக்கின்றன. தொடர்ந்த பயிற்சியினால் இதயத் தசை வலுவடைந்து, ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகின்றது. ஓய்வு நிலை நாடித்துடிப்பு குறைகின்றது.
• இயங்கும் தசைகள் குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளெடுத்துச் சத்தியாகப் பயன்படுத்துகின்றன. இன்சுலினுக்குக் கலங்கள் துலங்கும் திறன் மேம்படுகின்றது. இரண்டாம் வகை நீரிழிவைத் தடுப்பதிலும் கட்டுப்படுத்துவதிலும் நடையின் முக்கியத்துவம் இதுவாகும்.
• குருதியமுக்கத்தைச் சீராக வைத்திருக்க உதவுகின்றது.
• உடலின் நிறையைத் தாங்கி நடப்பதால் என்புகளும் தசைகளும் வலுப்பெறுகின்றன.
• மன அழுத்தம் குறைகின்றது, நித்திரை சீராகின்றது. பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவருக்கு இது சிறப்பாகப் பயனுடையது.

இலங்கையில் நிகழும் மரணங்களில் 80 வீதத்திற்கும் மேற்பட்டவை இதய நோய், பாரிசவாதம், புற்றுநோய், நீரிழிவு முதலான தொற்றா நோய்களாலேயே ஏற்படுகின்றன என உலக சுகாதார நிறுவனத்தின் தரவுகள் காட்டுகின்றன. இந்நோய்களுக்கான ஆபத்துக் காரணிகளுள் உடலுழைப்புக் குறைவும் ஒன்றாகும். எனவே கதவு மூலையிற் கிடக்கும் சப்பாத்து ஒரு குடும்பத்தின் வாழ்வோடு தொடர்புடைய விடயமாகும்.

6. நாயுடன் பாதுகாப்பாக நடத்தல்

(1) நேரம்: நாயின் உடலில் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களிலேயே உள்ளன. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே அது உடல் வெப்பத்தைக் குறைக்கின்றது. ஆகையால் உச்சி வெயிலில் நடத்திச் செல்லலாகாது. விடிகாலையும் மாலையுமே உகந்தவை. தார் வீதியிற் புறங்கையைச் சில செக்கன் வைத்துப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது.

(2) உணவும் நீரும்: வயிறு நிறைய உணவளித்தவுடன் ஓடச் செய்யலாகாது. நடை முடிந்ததும் தூய நீர் வழங்குக.

(3) வயது: சிறு குட்டிக்கும் முதிய நாய்க்கும் குறுகிய நடையே போதும். நடக்கும் தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுக. இவ்விதி உரிமையாளருக்கும் பொருந்தும். இதய நோய் முதலிய நோயுள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையைப் பெற்றே தொடங்க வேண்டும்.

(4) வீதி ஒழுங்கு: நடைபாதை இல்லாத வீதியில், எதிரே வரும் வாகனங்களைக் காணக்கூடியவாறு வலப்பக்க ஓரமாக நடக்க வேண்டும். நாயைக் கயிற்றில் வைத்திருத்தல் அவசியம். இருள் நேரத்தில் வெளிர் நிற ஆடை அணிக.

(5) தூய்மை: நாயின் மலத்தை அகற்றுவது உரிமையாளரின் பொறுப்பு. வீடு திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுக.

(6) விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பு: இந்நோய் வைரசினால் ஏற்படுவது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரினாற் கடி, கீறல் வழியாகப் பரவுவது. நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆனால் உரிய நேரத்திற் சிகிச்சை பெற்றால் முற்றாகத் தடுக்கலாம். லூயி பாஸ்ச்சர் 1885 ஆம் ஆண்டில் இந்நோய்க்கெதிரான தடுப்பூசியை முதன்முதலில் மனிதரிற் பயன்படுத்தி வெற்றி கண்டார். வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்ற வேண்டும். இது குறித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ விசாரிக்கலாம். எந்த நாயாவது கடித்தால், காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் நன்கு கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க.

7. நாய்க்கு நாம் செய்ய வேண்டியவை

நாய் உடற்பயிற்சிக் கருவி அன்று. அது பசி, வலி, தனிமை ஆகியவற்றை உணரும் உயிர். பத்து ஆண்டுகளுக்கு மேலாகவும் அது வாழக்கூடும். குட்டியாக இருக்கும்போது ஆசையுடன் வளர்த்து, வளர்ந்தபின் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது கொடிய செயலாகும். தெருநாய்களின் பெருக்கத்திற்கும் நோய்ப் பரவலுக்கும் இது வழிவகுக்கின்றது.

எனவே நாயை வீட்டுக்குக் கொண்டுவரு முன் பின்வரும் வினாக்களுக்கு வீட்டார் அனைவரும் கூடி விடை காண வேண்டும்.

• உணவுக்கும் தடுப்பூசிக்கும் வைத்தியச் செலவுக்கும் வசதி உண்டா?
• நாள்தோறும் அதனுடன் நடப்பவர் யார்? அவர் இல்லாத நாளில் யார்?
• இனப்பெருக்கக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்விக்க ஆயத்தமா?
• வீட்டில் எவருக்கேனும் ஒவ்வாமை, தொய்வு உண்டா?

இவற்றுக்கு நேர்மையான விடை “இல்லை” எனில் நாய் வளர்க்காமல் இருப்பதே நாய்க்குச் செய்யும் நன்மை. விடை “ஆம்” எனில், விலை கூடிய இனம் எதுவும் தேவையில்லை. நம் சூழலுக்கு இசைவான நாட்டு நாய்க் குட்டியொன்றே சிறந்த நடைத் துணையாகும்.

8. நாய் வளர்க்க முடியாதோர் செய்யத்தக்கது

சமய நெறி, வாடகை வீடு, ஒவ்வாமை, பொருளாதாரம் எனப் பல காரணங்களால் நாய் வளர்க்காத வீடுகள் பல உள்ளன. அவ்வீட்டு மாணவர்களுக்கும் இக்கட்டுரையின் கருத்து பயன்படும். நாயிடமிருந்து நாம் கற்பவை மூன்று: குறித்த நேரம், காத்திருக்கும் ஓர் உயிர், உடனடி மகிழ்ச்சி. இம்மூன்றையும் வேறு வழிகளிலும் அமைக்கலாம்.

• அம்மம்மாவையோ அப்பப்பாவையோ நாள்தோறும் மாலையில் நடக்க அழைத்துச் செல்லுதல். அவர்கள் உடுத்திக்கொண்டு திண்ணையிற் காத்திருக்கும்போது “இன்று வேண்டாம்” என்று கூற உங்களுக்கு மனம் வராது.
• நண்பர் ஒருவருடன் நேரம் குறித்துச் சந்தியிற் சந்தித்தல். மற்றவர் காத்து நிற்பார் என்பதே இருவரையும் எழுப்பும்.
• தம்பி, தங்கையரைப் பாடசாலைக்கு நடத்திக் கூட்டிச் செல்லும் பொறுப்பை ஏற்றல்.
• அயல்வீட்டு முதியவரின் நாயை, அவருடைய அனுமதியுடனும் பெற்றோரின் சம்மதத்துடனும், நடத்திச் செல்லுதல். இதனால் மூவருக்கும் பயன் உண்டு.

தொகுப்பு

மேற்கூறிய தந்தையின் வீட்டிற்கு மகன் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவருவதாகக் கொள்வோம். மாலை ஆறு மணிக்கு அது கதவடியில் நிற்கின்றது. முதல் நாள் தந்தை சலித்துக்கொண்டே எழுகின்றார். முப்பதாம் நாள் நாய் வருமுன்னரே சப்பாத்தை அணிகின்றார். மழை பெய்தால் குடையை எடுக்கின்றார். அவருடைய மனவுறுதி முன்னரிலும் பெருகியது என்று கூற முடியாது. அவருக்காக ஓர் உயிர் காத்திருக்கின்றது என்பதே புதிய விடயம். தனக்காக மட்டும் செய்யும் நற்பழக்கம் எளிதில் நின்றுவிடும். மற்றோர் உயிருக்காகவும் செய்யும் நற்பழக்கம் நீடிக்கும்.

நினைவிற் கொள்க

• வளர்ந்தோருக்கு வாரத்திற்கு 150–300 நிமிடம். 5–17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம்.
• நாய் ஊக்கியாகும் வழிகள்: நினைவூட்டல், கடமையுணர்வு, உடனடி வெகுமதி, துணை.
• பயன் தருவது நாயை வைத்திருத்தல் அன்று, நாயுடன் நடத்தலே.
• தடுப்பூசி, கழுத்துப்பட்டி, உகந்த நேரம் ஆகியன தவறலாகாதவை.

மாதிரி வினாக்கள்

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. வேகமாக நடக்கும் ஒருவர் பேச முடிந்தும் பாட முடியாத நிலையில் உள்ளார். அவரது செயற்பாடு,
(1) ஓய்வு நிலை (2) இலேசான செயற்பாடு (3) நடுத்தரச் செயற்பாடு (4) கடினச் செயற்பாடு

2. கழுத்துப்பட்டியின் ஓசையைக் கேட்டதும் நாய் கதவருகே ஓடி வருதல் எதற்கு உதாரணமாகும்?
(1) நிபந்தனைப்பட்ட துலங்கல் (2) பிறப்பிலேயே அமைந்த தெறிவினை (3) புறநிலை ஊக்கல் (4) ஓமோன் குறைபாடு

3. நாய் கடித்தவுடன் முதலிற் செய்ய வேண்டியது,
(1) காயத்தை இறுகக் கட்டுதல் (2) மஞ்சள் பூசுதல் (3) சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதல் (4) நாய்க்கு நோய் உண்டா எனக் காத்திருந்து பார்த்தல்

பகுதி II – அமைப்புக் கட்டுரை வினா

அலுவலகத்திற் பணிபுரியும் 45 வயதுடைய ஒருவர் நடைப்பயிற்சியைத் தொடங்கி மூன்று வாரங்களில் நிறுத்திவிட்டார்.
(i) அவர் நிறுத்தியமைக்கான காரணங்கள் இரண்டினைத் தருக.
(ii) வளர்ப்பு நாய் அவருக்கு ஊக்கியாக அமையக்கூடிய வழிகள் மூன்றினை விளக்குக.
(iii) நாயுடன் நடக்கும்போது கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு நடைமுறைகள் நான்கினைக் குறிப்பிடுக.
(iv) நாய் வளர்க்க முடியாத குடும்பம் ஒன்றுக்கு நீர் கூறும் மாற்று வழிகள் இரண்டினைத் தருக.

விடைக் குறிப்புகள்

பகுதி I: 1 – (3), 2 – (1), 3 – (3).

பகுதி II: (i) பகுதி 1 இல் உள்ள அ, ஆ, இ ஆகியவற்றுள் இரண்டு. (ii) பகுதி 3 இன் உபதலைப்புகளை மட்டும் எழுதாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமாவது விளக்கம் தருக. “விளக்குக” என வினவப்படும் இடத்திற் பெயரை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. (iii) பகுதி 6 இல் நான்கு. தடுப்பூசியைக் குறிப்பிடத் தவறாதீர். (iv) பகுதி 8 ஐப் பார்க்க. உமது ஊருக்குப் பொருத்தமான சொந்த உதாரணமும் ஏற்கத்தக்கது.

செயற்பாடு: உங்கள் வீட்டாரில் ஒருவரை ஒரு வாரம் நடக்க அழைத்துச் செல்லுங்கள். நாள், நேரம், நடந்த நிமிடங்கள், அன்று நடக்கத் தூண்டியது எது என்பவற்றை அட்டவணைப்படுத்துங்கள். வார இறுதியில் மொத்த நிமிடங்களை 150 உடன் ஒப்பிடுங்கள்.